பனியில் வென்ற வண்டியின் சொந்தக்காரர்

தம் கொள்ளுப்பாட்டனாரின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, தம் காரின் முந்தைய சொந்தக்காரர்களைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஒரு மனித வகை உலகில் உண்டு. அறிஞர்கள் இவ்வகைக்கு இன்னும் பெயர் சூட்டவில்லை. சூட்டும்வரை நாம் இவரை வண்டிவம்சத்தார் என்று அழைப்போம். இவரை எங்கே காணலாம்? கார் ஓடுகிற இடத்தில் காண முடியாது. நிற்கிற இடத்தில் காணலாம். தரையோடு தரையாகப் பதுங்கிய ஒரு பழைய நீலநிறப் பந்தயக் கார் வெயிலில் நின்றுகொண்டிருக்க, அதன் மேல் முழங்கை பட்டுவிடாத தொலைவில், ஆனால் அது யாருடையது என்ற ஐயம் எவருக்கும் எழாத நெருக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் வானத்தைப் பார்த்தவாறு நின்றால், அவர்தாம். அவர் உங்களைக் கவனிக்கவில்லை என்று எண்ணி ஏமாறாதீர்கள். நீங்கள் தெருமுனையில் திரும்பியபோதே கவனித்துவிட்டார். 'நல்ல கார்' என்று இரண்டு சொல் உங்கள் வாயிலிருந்து விழட்டும். அன்றைய மதியச் சாப்பாட்டை நீங்கள் ஆறிய பிறகுதான் உண்பீர்கள்.

பிரான்சில் எங்கள் அர்தேஷ் மலைப்பகுதியில் இவ்வகையினர் செஸ்நட் மரங்களைப் போலப் பரவலாக இருக்கிறார்கள். ஆயினும் இவ்வகையின் இலக்கணம் முழுவதும் ஒரே உடலில் பொருந்தி வந்தது மொன்ரெசாக் ஊரின் முன்னாள் மருந்துக்கடைக்காரர் ஃபிர்மேன் மஸ்வாயே அவர்களிடம்தான். அவரிடம் ஒரு அல்பீன் இருந்தது. கடலோரத் தியெப் நகரில் பிறந்து, மலையேற மட்டுமே தெரிந்துகொண்ட அந்தச் சின்ன நீலக் கார்களை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்: கண்ணாடியிழை உடம்பு, பின்புறத்தில் இன்ஜின், உள்ளே நுழைவதற்கு முன்பு மனிதன் தன்னை நான்காக மடித்துக்கொள்ள வேண்டிய கதவு. மஸ்வாயேயின் கூற்றுப்படி அவருடையது வெறும் அல்பீன் அன்று. எழுபத்திரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில், மூன்று கணவாய் ராலி என்ற மலைச்சாலைக் கார்ப் பந்தயத்தில், ஒகுஸ்த் ரிபேர் ஓட்டி, ஜோஸ்லின் வெர்னே பக்கத்தில் அமர்ந்து வளைவுகளை வாசிக்க, கொட்டும் பனியில் வென்ற அதே அல்பீன்.

"எழுபத்திரண்டுல நாங்க ஜெயிச்சப்போ," என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். அந்த வெற்றியின்போது அவருக்கு எட்டு வயது. தந்தையின் தோள்மேல் அமர்ந்து, ஊர்க் கோடியிலிருந்த வளைவில், ஒரு நீலப் பொருள் பக்கவாட்டாகப் பாய்ந்து போனதைக் கண்டார். அது வாரி அடித்த பனி அவருடைய திறந்த வாய்க்குள் விழுந்தது. அவ்வெற்றியில் அவருடைய பங்கு அவ்வளவே. ஆயினும் 'நாங்க' என்று அவர் சொல்லும்போது அவருடைய தோள்கள் தாமாகவே சற்று விரியும்.

வண்டிவம்சத்தாரின் ஒழுகலாறுகள் கண்டிப்பானவை. வண்டி மழையில் வெளியே வராது. குளிரில் வராது. சாலையில் உப்புத் தூவியிருந்தால் வராது. தூவப்போவதாக நகராட்சியில் பேச்சு அடிபட்டாலும் வராது. பனியில் வென்றது என்பதற்காகவே போற்றப்படும் வண்டி, வானத்தில் ஒரு சாம்பல்நிற மேகம் தோன்றினால் கம்பளிப் போர்வைக்குள் போய்விடும். அது படுக்கும் கொட்டகைக்கு வெப்பமூட்டி உண்டு. தம்பதியரின் படுக்கையறைக்கு அக்டோபர் முடியும்வரை கிடையாது. இதைக் குறித்து அவர் மனைவி ஒதில் முதல் சில ஆண்டுகள் முறையிட்டார். பிறகு இன்னொரு கம்பளி வாங்கிக்கொண்டார்.

வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ரொட்டிக் கடைவரை போகும். அப்போதும் ராலியின் மரபு வழுவாது. ராலியில் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, வரப்போகும் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று வாசித்துக்கொண்டே வருவார். ஆகையால் வீட்டிலிருந்து ரொட்டிக் கடைக்குப் போகும் வழிக்கும் மஸ்வாயே குறிப்பு எழுதியிருந்தார். ஒதில் அதை வாசிப்பார்.

"வலது, மிதமா, மாதா கோவில் சுவர் கூடவே வரும். எச்சரிக்கை, பாதிரியாரோட நாய். அப்புறம் இடது, ரொட்டிக் கடை. ரொட்டிக்காரி கடையை மூடிக்கிட்டிருக்கா ஃபிர்மேன், கொஞ்சம் மிதிச்சாதான் என்ன."

"டயர் இன்னும் சூடாகலை, ஒதில்."

டயர் என்றைக்குமே சூடானதில்லை. பல ஞாயிறுகளின் மதிய உணவில் ரொட்டியும் இருந்ததில்லை.

இதுவரை சொன்னது ஒருவர் தனியாகச் செய்துகொள்ளக்கூடிய பைத்தியம். ஊருக்குத் தொல்லை இல்லை. தொல்லை ரெமி தெசியே என்ற மது வியாபாரியின் வடிவில் வந்தது. மேல்தெருக்காரரான தெசியே, நான்கு ஆண்டுகளுக்கு முன் லியோன் நகரத்திலிருந்து போர்வை போர்த்திய ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊர்ச் சதுக்கத்தில் இறக்கி, போர்வையை விலக்கினார். நீல அல்பீன். எழுபத்திரண்டில், மூன்று கணவாயில், பனியில், ரிபேர் வென்ற அதே அல்பீன்.

ஒரு கார் எப்படி இரண்டாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கலாம். அக்காலத்துச் சிறிய அணிகளில், எல்லை தாண்டிப் போவதற்கான தாள்கள் ஒரு காரின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கார் மரத்தில் மோதிச் சப்பையானால், அதன் அடையாளத் தகட்டைக் கழற்றி அடுத்த காரில் அறைந்துவிட்டு, அதே பெயரில் பயணத்தைத் தொடர்வார்கள். பெயர் இங்கே இருக்கும். உடம்பு எங்கோ இருக்கும். ரிபேரின் அணியும் அப்படித்தான். மஸ்வாயேயிடம் தகடு இருந்தது. தெசியேயிடம், அத்தகடு முதலில் அறையப்பட்டிருந்த ஆணித்துளைகள் இருந்தன. ரிபேர் இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இரு கட்சியினரிடமும் சான்று இருந்தது. இருவரிடமும் உறக்கம் இல்லை.

மஸ்வாயேயும் தெசியேயும் ஒரே பள்ளிப் பெஞ்சில் அமர்ந்து, ஒருவர் தலையில் ஒருவர் மைப்புட்டியைக் கவிழ்த்து வளர்ந்தவர்கள். ஐம்பது ஆண்டுகளாக வாடா போடா என்று அழைத்துக்கொண்டவர்கள். போர்வை விலகிய அந்த நாளிலிருந்து ஒருவரை ஒருவர் 'நீங்க' என்று அழைக்கத் தொடங்கினார்கள். சதுக்கத்தில் இரும்புக்குண்டு விளையாடும்போதுகூட, 'இப்ப உங்க முறை, மிசியே' என்பார்கள். வசையைவிட அந்த மரியாதை கேட்பவர் காதைக் கூசச் செய்தது.

சென்ற ஆண்டு, வெற்றியின் நினைவாகப் பழைய கார்கள் கணவாய்க்கு ஏறும் விழாவை மோட்டார் சங்கம் அறிவித்தது. கணவாயின் அடிவாரத்தில் ஒரு பித்தளைப் பலகை பதிப்பார்கள். அதில் ரிபேரின் பெயரும், வென்ற வண்டியை இன்று போற்றிக் காப்பவரின் பெயரும் இருக்கும். ஒரு பெயர்தான். சங்கத் தலைவர் பஸ்தீத் விடுதி நடத்துபவர். இரு தரப்பாருக்கும் சாப்பாடு போட்டுப் பிழைக்க வேண்டியவர். பலகையில் இடம் போதாது என்ற காரணத்தைத் தவிர அவரிடம் எந்தக் கொள்கையும் கிடையாது. ஆகவே அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க மிகச் சிறந்த வழியொன்றைக் கண்டுபிடித்தார். அந்த வண்டிக்குள் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தார். கிரெனோபிளில் வசிக்கும் ஜோஸ்லின் அம்மையாரை அழைப்போம். அவர் எதைக் கைகாட்டுகிறாரோ அதுவே வண்டி.

அன்று முதல் மஸ்வாயேக்குச் சோறு இறங்கவில்லை. பலகையில் பெயர் வராவிட்டால் மானம் போகும் என்பது மட்டும் அன்று. அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். எட்டு வயதில் தம் வாய்க்குள் பனியை வாரி அடித்த அந்த நீலப் பொருள் இத்தனை காலமும் தம் கொட்டகையில் உறங்கவில்லை, மேல்தெருவில் தெசியேயின் மதுப் பீப்பாய்களுக்கு நடுவே உறங்குகிறது என்று ஆகிவிடுமே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

விழா நாளும் வந்தது. சதுக்கத்தில் இரண்டு நீலக் கார்களும் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றன. வானம் சாம்பல் நிறம். இரு சொந்தக்காரர்களும் மக்களைப் பார்க்காமல் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்லின் அம்மையார் எழுபத்தைந்து வயதில் தம்முடைய சாதாரணச் சாம்பல் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். குள்ளமான உருவம், பெரிய கைப்பை, அவசரமில்லாத நடை. பஸ்தீத் செஸ்நட் கேக்கை நீட்டினார். மலையேறுவதற்கு முன்பு தாம் எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி, அதைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மஸ்வாயே அவரை வண்டிக்குள் அமர வைத்தார். அம்மையார் 'ம்ம்' என்றார். தெசியே தம் வண்டிக்குள் அமர வைத்தார். அங்கும் 'ம்ம்' என்றார். பிறகு இருவரும் மாறி மாறிக் கேட்கலானார்கள்: கியர்க் கம்பியின் தலை கறுப்பா மரமா, இருக்கையின் தையல் எந்த நிறம், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறிய விளக்கு இருந்ததா இல்லையா. அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் வாய் திறந்தார்.

"ஏம்ப்பா, நான் அந்த வண்டியைப் பார்க்கவே இல்லையே. தலையைக் குனிஞ்சு தாளை வாசிச்சுக்கிட்டே வந்தவ நான். மூணு கணவாயும் என் மடியிலதான் பார்த்தேன். நீலம்னு சொன்னாங்க, நீலமாத்தான் இருந்திருக்கும்."

நடந்ததைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி, கண்ணை நிமிர்த்தாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்பது, ராலியைத் தவிர வேறு பேச்சே அறியாத அந்தச் சங்கத்தில் ஒருவருக்குக்கூட முன்கூட்டித் தோன்றவில்லை. பஸ்தீத் மெல்ல, அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்.

"ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அப்போ வாசிச்ச தாள் பையில இருக்கு. நான் குனிஞ்சு வாசிக்கிறேன். அதே வண்டின்னா உடம்புக்குத் தெரியும்."

அவர் சொல்லி முடிக்கவும், மழையும் பனியும் கலந்த ஈரத்தூறல் விழத் தொடங்கியது.

இங்கே வண்டிவம்சத்தாரின் குணநலம் முழுமையாக வெளிப்பட்டதைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக எல்லாவற்றிலும் முதலிடத்துக்கு முட்டிமோதிய இருவரும், ஒரே நொடியில் உலகத்திலேயே பணிவு மிக்க மனிதர்களானார்கள். மேல்தெருவுக்கு மூத்த தெரு என்ற மரியாதை உண்டு, எனவே அவர்கள் முதலில் போகட்டும் என்றார் மஸ்வாயே. தகடு வைத்திருப்பவரை முந்திப் போவது முறையல்ல என்றார் தெசியே. நீங்க, இல்லை நீங்க, அட நீங்கதான் என்று அந்த உபசாரம் நீண்டுகொண்டே போனது. தெசியேயின் கை அதற்குள் போர்வையைத் தேடிக்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒதில் வந்து, கணவனின் காதருகே குனிந்தார்.

"நீ போகலைன்னா இன்னும் இருபது வருஷத்துக்கு இதையே என்கிட்ட பேசுவ. எனக்காகப் போயிட்டு வா."

மஸ்வாயே போனார். கதவுக்குள் தம்மை நான்காக மடித்துக்கொண்டார். அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டி, மஞ்சளேறிய தாள்களை மடியில் விரித்து, தலையைக் குனிந்து, "கிளம்புப்பா," என்றார்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். "இடது, முழுசா. வலது, முழுசா, சரிவு. இடது, இறுகும், நம்பு." முழுசா என்றால் வேகம் குறைக்காதே; இறுகும் என்றால் வளைவு போகப்போகக் கூர்மையாகும். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ரிபேரின் வேகத்தில் அது ஓடியது. மஸ்வாயேயோ, நிறைந்த பால்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிறவரைப் போல வண்டியை உருட்டினார். ஒவ்வொரு நீர்க்குட்டைக்கும் நின்று வழிவிட்டார். வாசிப்பு பாலத்தைத் தாண்டியது. வண்டி அஞ்சலகத்தைத் தாண்டவில்லை. வாசிப்பு காட்டுக்குள் ஏறி, கொண்டைஊசி வளைவுகளைச் சுழன்று சுழன்று கடந்து, பனிமேட்டை அடைந்தது. "கணவாய். முடிஞ்சுது," என்று அம்மையார் தாளை மடித்து நிமிர்ந்தார். முன்கண்ணாடிக்கு அப்பால் ஊரின் துணி துவைக்கும் தொட்டி தெரிந்தது. ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு பெண்மணி வண்டிக்கு முன்னால் நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

"நாம இன்னும் ஊரையே தாண்டலையா?"

மஸ்வாயே அந்தப் பெண்மணிக்கு வழிவிட்டு நின்றார்.

"இது அந்த வண்டி இல்ல தம்பி."

எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று மஸ்வாயே மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"வயிறு கலங்கலையே. ரிபேர்கூடப் போனா இந்நேரம் நான் வாந்தி எடுத்திருப்பேன். எனக்கு அந்த வண்டி கண்ணுல ஞாபகம் இல்ல. வயித்துலதான்."

வெளியே ஈரப்பனி சாலையில் வெண்மையாகப் படியத் தொடங்கியிருந்தது. மஸ்வாயே ஸ்டீயரிங்கைப் பார்த்தார். மேல்தெருக் கொட்டகையை நினைத்தார். பீப்பாய்களுக்கு நடுவே அந்த நீலம். பிறகு, தாம் சொல்வது தமக்கே கேட்காத விதத்தில், "தொட்டியிலேர்ந்து மறுபடி வாசிங்க மதாம்," என்றார்.

அதன் பின் நடந்ததை அவர் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. அம்மையார் குனிந்திருந்ததால் அவருக்கும் தெரியாது. பின்னால் இன்ஜின் இருக்கிற கார் வளைவில் பின்புறத்தை வெளியே வீசும், அப்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுழன்றுவிடும், எடுக்காமல் மிதித்தால் நேராகும் என்று எத்தனையோ விருந்தாளிகளுக்கு அவர் பாடம் நடத்தியிருக்கிறார். அது உண்மை என்பது தேவாலயத்துக்கு மேலே உள்ள முதல் வளைவில்தான் அவருக்குத் தெரிந்தது. பின்புறம் வெளியே போனது, கால் தன்னை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியது, அவர் எடுக்கவில்லை. வண்டி ஒரு முறை உதறிக்கொண்டு, ஏதோ ஒரு நெடிய தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல, மேலே பார்த்துப் பாய்ந்தது. "வலது, இறுகும்." இறுகியது. "இடது, நம்பு." நம்பினார். செஸ்நட் தோப்பின் கருங்கல் சுவர் பக்கவாட்டில் வந்து, கெட்டியான துணியைக் கிழிப்பது போன்ற ஓசையுடன் கதவோரம் உரசிப் போனது. நிறுத்தி இறங்கிப் பார்த்தாரா? நிறுத்தவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் திறந்திருந்தது, அதிலிருந்து வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

கணவாயின் உச்சியில் வண்டி நின்றதும், அம்மையார் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டு, வெளியே குனிந்து, பழக்கப்பட்டவரின் நிதானத்துடன் பனியில் வாந்தி எடுத்தார். கைக்குட்டையில் கேக் இருந்ததால் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"இதுதான் வண்டி," என்றார்.

மற்றவர்கள் பஸ்தீத்தின் விடுதி வேனில் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார்கள். தெசியே முதலில் இறங்கி, தம் வண்டியிலும் அம்மையார் ஏறிப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம் என்றார். அம்மையார் பனியை ஒரு கை அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

"வயித்துல இனிமே ஒண்ணும் இல்லப்பா. உன் வண்டியும் இதே வண்டியாத்தான் இருக்கும். ஆனா நீ போர்வையைக் கையோட கொண்டு வந்திருக்கியே."

தெசியே குனிந்து தம் கையைப் பார்த்தார். உண்மைதான். பிறகு மஸ்வாயேயின் வண்டியைச் சுற்றி வந்து, முன்சக்கரத்திலிருந்து கதவின் கடைசிவரை நீல வண்ணம் உரிந்து, கண்ணாடியிழை வெள்ளையாகத் தெரிந்த அந்தக் கீறலின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா ஃபிர்மேன் பண்ணி வச்சிருக்க."

"சுவர்டா."

தெசியே தம்மிடமிருந்த போர்வையை விரித்து அந்த வண்டியின் மேல் போர்த்தினார்.

பலகை பதிக்கப்பட்டது. மஸ்வாயேயின் பெயர் அதில் இருக்கிறது. கதை இங்கே முடிந்திருந்தால் இது கேலிச் சித்திரமாக இராது, வீரசரிதமாகிவிடும்.

வசந்தம் வந்தது. வெயில் அடித்த முதல் ஞாயிறு அன்று, கைகளைப் பின்னால் கட்டி, வானத்தைப் பார்த்தவாறு மஸ்வாயே வண்டியின் அருகே நின்றார். வலான்ஸ் நகரத்திலிருந்து வந்த தம்பதியர் நின்று, நல்ல கார் என்றார்கள். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். அப்போது அந்தப் பெண் கதவோரத்தில் இருந்த நீண்ட வெள்ளைக் கீறலைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வண்ணம் பூசிச் சரிசெய்ய மஸ்வாயே மறுத்துவிட்டிருந்தார்; அதைச் சுற்றித்தான் மெருகேற்றுவார்; அதன் மேல் துணி படக் கூடாது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது எழுபத்திரண்டுல பட்டது. ரிபேர். மேல தோப்புச் சுவர். பனி கொட்டுது, மனுஷன் நிறுத்தவே இல்லை."

ரொட்டிப் பையோடு பின்னால் வந்து நின்ற ஒதில் இதைக் காதில் வாங்கிக்கொண்டார். தம்பதியர் நகர்ந்ததும் கேட்டார்.

"அது நீ ஓட்டினதுன்னு சொன்னா என்ன ஃபிர்மேன்? நீதானே நிறுத்தல?"

மஸ்வாயே மனைவியைப் பார்த்தார். அந்தக் கேள்வியின் அறியாமை அவரை உண்மையிலேயே வருத்தியது.

"நான் ஓட்டினதுன்னா அது வெறும் கீறல், ஒதில்."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது தயவுசெய்து எழுந்துபோய், வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் குடும்பக் கதைகளை ஒரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்: பெரியப்பா தைரியமாக எதிர்த்துக் கேட்டது, அத்தை ஒரே வார்த்தையில் வாயடைத்தது, பாட்டனார் வெள்ளத்தில் இறங்கியது. அவற்றுள் ஏதேனும் ஒன்று உண்மையில் நீங்களே செய்ததாக இருக்கக்கூடும். முன்னோர் பெயரில் இருந்தால்தான் எடுபடும் என்று எப்போதோ நீங்களே மாற்றி எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். இவ்வகையில் சேர அல்பீன் வேண்டியதில்லை, கொட்டகையும் வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த வண்டிவம்சத்தாரில் பாதிப் பேருக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது.